கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும்?

உத்திரமேரூர் ஏரிக்குக் கல்வெட்டில் வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயர் ஏரிக்கு வந்ததாகச் சொல்வார்கள். மழைக்காலம் முடிந்து, நவரைப் பட்டத்துக்கு மதகு திறக்கிற அன்று அங்கே போய் நின்றால் இந்த அத்தியாயத்தின் பாதி இயற்பியலை வரப்பிலேயே முடித்துவிடலாம்.

மதகைத் தூக்கியதும் தண்ணீர் குதித்துக்கொண்டு வருகிறது. ஆனால் கடைமடைக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், அவர் வயலுக்கு இன்னும் ஒரு சொட்டு வரவில்லை. வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புக்குள் நீர் இறங்குகிறது, நண்டு வளைக்குள் குமிழி விட்டுக்கொண்டு நுழைகிறது. நீரின் நுனி சருகையும் எறும்பையும் தள்ளிக்கொண்டு, நின்று நின்று நகர்கிறது.

"என்னப்பா, தொறந்து எவ்ளோ நேரமாச்சு?"

"வாய்க்காலு இன்னும் குடிச்சினு இருக்குதுண்ணா. அதுக்கு வயிறு ரொம்பட்டும், அப்பால வரும்" என்கிறார் தண்ணீரைத் திருப்பிவிடும் நீர்க்கட்டி.

சாயங்காலம் மதகை இறக்குகிறார்கள். இறக்கியும் ஓட்டம் நிற்பதில்லை. பகலில் வெடிப்பிலும் வளையிலும் புகுந்த நீர் கசிந்து கசிந்து வாய்க்காலுக்கே திரும்புகிறது. இருட்டிய பிறகும் கடைமடையில் நூலிழை போல ஒரு ஓட்டம் இருக்கிறது. அங்கே நின்று வாய்க்காலை மட்டும் பார்க்கிறவரிடம், மதகு எப்போது திறந்தது, எப்போது மூடியது, எவ்வளவு விட்டார்கள் என்று கேளுங்கள். மூன்றையும் தப்பாகத்தான் சொல்வார்.

எக்ஸ்ரே உணரியின் நிலையும் அந்தக் கடைமடைக்காரரின் நிலைதான். அதற்கும் எக்ஸ்ரேவுக்கும் நடுவே இருக்கிற வாய்க்கால் ஒரு படிகம். படிகத்திலும் வெடிப்பு உண்டு, வளை உண்டு.

மார்பு எக்ஸ்ரே அறையில் "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் கதவுக்குப் பின்னால் போகிறாரே, அந்தச் சில நொடிக்குள் நடப்பது இது. குழாயிலிருந்து புறப்பட்ட எக்ஸ்ரே ஃபோட்டான்கள் உங்கள் உடம்பைத் துளைத்துப் பின்னால் இருக்கும் பலகையில் விழுகின்றன. எலும்பு அதிகம் விழுங்கும், நுரையீரல் குறைவாக விழுங்கும். மிச்சம் வருவதை எண்ணிச் சொல்வதுதான் பலகையின் வேலை. இன்று பெரும்பாலான பலகைகளில் சீசியம் அயோடைடு என்ற உப்புப் படலம் இருக்கிறது. அது எக்ஸ்ரேவை முதலில் ஒளியாக்கும், பிறகு அந்த ஒளி மின்சாரமாகும். ஒளியானபோது கொஞ்சம் பக்கவாட்டில் சிதறும், படம் மங்கும். இந்த இடைத்தரகரை நீக்கிவிட்டு எக்ஸ்ரேவை நேரே மின்னூட்டமாக மாற்றுகிற பலகைகளும் இருக்கின்றன. மார்பகப் பரிசோதனைக் கருவிகள் சிலவற்றில் செலினியம் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் செலினியம் கனமான தனிமம் இல்லை. மார்பு எக்ஸ்ரேவின் ஆற்றல் மிகுந்த ஃபோட்டான்கள் அதை ஊடுருவிப் போய்விடும். சிலிக்கன் இன்னும் மோசம். 50,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான்கள் வந்தால், ஒரு மில்லிமீட்டர் சிலிக்கன் பத்தில் ஒன்றைத்தான் பிடித்து நிறுத்தும்.

பெரோவ்ஸ்கைட் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். 1839ல் உரால் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு, ரஷ்யரான லெவ் பெரோவ்ஸ்கியின் நினைவாக குஸ்டாவ் ரோஸ் வைத்த பெயர் அது. பிறகு அதே அடுக்கில் அணுக்கள் அமைந்த எல்லாவற்றுக்கும் அதுவே குலப்பெயராகிவிட்டது. நமக்கு வேண்டியது அந்தக் குலத்தில் ஈயமும் புரோமினும் சேர்ந்த ஒரு கிளை. ஈயத்தின் அணு எண் 82. எக்ஸ்ரே அறைக் கதவுக்குள் ஈயத் தகடு வைப்பது எதற்காகவோ அதற்காகத்தான் இங்கேயும் ஈயம். முன்பு சொன்ன அதே ஃபோட்டான்களில் பெரும்பகுதியை இந்தப் படிகத்தின் ஒரு மில்லிமீட்டர் விழுங்கிவிடும். கதவில் இருக்கும் ஈயம் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். படிகத்தில் இருக்கும் ஈயம் விழுங்கியதற்குக் கணக்கு கொடுக்கும். ஒரு எலக்ட்ரானைப் பெயர்க்க இதற்கு ஏறத்தாழ 6 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆக ஒரே ஃபோட்டான் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களை அவிழ்த்து விடுகிறது. எலக்ட்ரான் எழுந்துபோன ஒவ்வொரு காலி இருக்கையும் ஒரு மின்துளை. இரண்டு பக்கமும் மின்முனை ஒட்டி மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான் ஒரு பக்கம், துளை மறுபக்கம் என்று நடக்கத் தொடங்கும். மதகு திறந்தாயிற்று.

இந்தப் பொருளை உலகம் முதலில் கொண்டாடியது சூரிய மின்கலத்துக்காக. 2009ல் ஜப்பானில் மியாசாகாவின் குழு 3.8 சதவீதத் திறனோடு தொடங்கியது, இன்று ஆய்வகங்களில் அது 25ஐத் தாண்டிவிட்டது. அதற்குக் காரணமாக எல்லோரும் சொல்வது, இந்தப் பொருள் குறை பொறுக்கும் என்பதை. சிலிக்கனைப் போலச் சுத்தத்தில் கெடுபிடி இல்லை, கரைசலைத் தடவிக் காயவைத்தாலே வேலை செய்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெருமையை அப்படியே எக்ஸ்ரே உணரிக்கு எடுத்துக்கொண்டு வந்ததில்தான் பலர் சறுக்கினார்கள் என்பது என் எண்ணம். சூரிய மின்கலத்தில் படலத்தின் தடிமன் அரை மைக்ரான். எலக்ட்ரான் ஒரு எட்டு வைத்தால் வீடு. உணரியில் ஒரு மில்லிமீட்டர், அதைப்போல இரண்டாயிரம் மடங்கு தூரம். தெருமுனைக் கடைக்குப் போகிறவனுக்குச் செருப்பில் முள் இருந்தால் தெரியாது. திருப்பதிக்கு நடைப்பயணம் போகிறவனுக்கு?

இந்த நடைக்கு 1932லேயே ஒரு கணக்கு போட்டு வைத்தார் கார்ல் ஹெக்ட். அவர் அளந்தது சில்வர் குளோரைடு படிகம், ஆனால் சூத்திரம் எல்லாப் படிகத்துக்கும் பொருந்துகிறது. படிகத்தின் குறை என்கிற குழியில் விழுவதற்கு முன் ஒரு எலக்ட்ரான் சராசரியாக எவ்வளவு தூரம் நடக்கும் என்பதுதான் கேள்வி. படிகத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டர், சராசரி நடை ஐந்து மில்லிமீட்டர் என்றால் 90 சதவீத மின்னூட்டம் கரை சேரும். நடையும் ஒரு மில்லிமீட்டர்தான் என்றால் 63 சதவீதம். நடை 0.2 மில்லிமீட்டருக்குச் சுருங்கினால் 20 சதவீதம். மிச்சம் 80ஐ வாய்க்கால் குடித்துவிட்டது.

குடிக்கிற குழிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்குப் படிகம் வளர்க்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்களுக்குப் படிக வளர்ப்பைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதமாகக் காய்ச்சிய பாகில் நூலைத் தொங்கவிட்டு, ஆடாமல் அசையாமல் வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பானையை நடுவில் ஒருவர் தட்டிவிட்டால் கட்டிக்குப் பதிலாகத் தூள்தான் கிடைக்கும். ஈய புரோமைடு பெரோவ்ஸ்கைட்டுக்கும் அதே பொறுமை வேண்டும், ஆனால் ஒன்று தலைகீழ். கற்கண்டு ஆற ஆற வளரும், இது சூடாக்கச் சூடாக்க வளரும். ஒரு குறிப்பிட்ட கரைப்பானில் இதன் கரைதிறன் வெப்பத்தில் குறைகிறது. கண்ணாடிக் குப்பியை மெல்ல 80 பாகை செல்சியஸ் பக்கம் கொண்டுபோனால் அடியில் ஆரஞ்சு நிறத்தில், ஆரஞ்சு மிட்டாயைச் சீவி எடுத்ததுபோல் ஒளி ஊடுருவும் கட்டி ஒன்று உட்காரும். 2015ல் சவுதி அரேபியாவின் கேஏயுஎஸ்டி பல்கலைக்கழகத்தில் இந்த வழியைக் காட்டினார்கள். சில மணி நேரத்தில் வளர்ந்துவிடுகிறது. வேகம் நல்லதுதான், ஆனால் அவசரத்தில் கட்டிய சுவரில் செங்கல் விட்டுப்போகும்.

பொறுமையாகக் கட்டுவதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெயரே உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ப்பு மையம், பிறகு களவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரி, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் எல்லாம் இந்த வேலையில் ஊறியவை. 2005ல் கே. சங்கரநாராயணனும் பி. ராமசாமியும் பென்சோபீனோன் படிகத்தில் காட்டிய முறை இன்று உலகெங்கும் இருவர் பெயரையும் சேர்த்து எஸ்.ஆர். முறை என்றே வழங்குகிறது. கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு விதைப்படிகம், மேலே கரைசல். ஆவி மேலே போகப் போகப் படிகம் ஒரே திசையில், மெழுகுவத்தி வார்த்ததுபோல், குழாயின் வடிவத்துக்கே நிமிர்ந்து வளர்கிறது. உணரிக்கு வேண்டியதும் அப்படி ஒரு திசையில் ஒழுங்காக வளர்ந்த கட்டிதான்.

எவ்வளவு கவனமாக வளர்த்தாலும் குறை இருக்கும். இருக்கிற குறையைப் பார்க்க ஒரு வழி, படிகத்தின் மேலேயே எக்ஸ்ரே அடிப்பது. 1944ல் பெங்களூரில், சி.வி. ராமனிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த இளைஞர் ஜி.என். ராமச்சந்திரன் வைரங்களை அப்படிப் படம் எடுத்தார். கண்ணுக்குப் பளிங்காகத் தெரிந்த கல்லில், அணு அடுக்கு எங்கெங்கே கோணியிருக்கிறது என்று படத்தில் வரிவரியாகத் தெரிந்தது. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கொலாஜன் புரதத்தின் முப்புரியைக் கண்டவர் இவர்தான். அவர் எக்ஸ்ரேவைக் கொண்டு படிகத்தின் குறையைப் பார்த்தார். நாம் படிகத்தைக் கொண்டு எக்ஸ்ரேவைப் பார்க்கப் போகிறோம், குறை நடுவில் நிற்கிறது.

எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். புரோமின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கலாம். இந்தப் படிகத்தில் அதுதான் மிகுதி, தனியாக இருக்கும்வரை பெரிய தொல்லையும் இல்லை. ஈயம் வழி தவறி இடுக்கில் உட்கார்ந்திருக்கலாம், அது ஆழமான குழி. ஒரே கட்டியாக இல்லாமல் பொடிமணிகள் சேர்ந்த படலமாக இருந்தால் மணிக்கும் மணிக்கும் நடுவே இருக்கும் எல்லை முழுக்கக் குழிகள். அப்புறம் படிகத்தின் மேல்தோல். எந்தப் படிகமும் ஓரிடத்தில் முடிந்தாக வேண்டும், முடிகிற இடத்தில் அணுக்களுக்குக் கைகோக்க ஆளில்லை. நல்ல ஒற்றைப் படிகங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1,000 கோடிக் குழிகள்வரை இருக்கலாம் என்று 2015ல் அளந்தார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறதா? அதே கன சென்டிமீட்டரில் இருக்கும் அணுக்கூடுகளைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஐம்பதாயிரம் கோடிக் கூட்டுக்கு ஒரு குழிதான் வருகிறது. பொடிமணிப் படலத்தில் இது லட்சம் மடங்கு கூடும்.

எண்ணிக்கையைவிட ஆழம் முக்கியம். குழியில் விழுந்த எலக்ட்ரான் அங்கேயே செத்துப்போவதில்லை. படிகம் வெப்பத்தால் நடுங்கிக்கொண்டே இருக்கிறது, அந்த நடுக்கத்தில் அதுவும் விநாடிக்கு லட்சம் கோடி முறை விளிம்பை முட்டிப் பார்க்கிறது. குழியின் ஆழம் 0.3 எலக்ட்ரான் வோல்ட் என்றால் விநாடியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கில் வெளியே வந்துவிடும். வந்ததே தெரியாது. 0.5 என்றால் கால் மில்லிவிநாடி. 0.7 என்றால் அரை விநாடிக்கு மேல். 0.9 என்றால் இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளேயே கிடக்கும். ஆழம் 0.1 எலக்ட்ரான் வோல்ட் கூடினால் காத்திருப்பு ஏறத்தாழ ஐம்பது மடங்கு ஏறுகிறது. இந்தக் கணக்கு 27 பாகை வெப்பத்துக்கு. சித்திரை வெயிலில் கருவியின் உடம்பு 40 பாகைக்குப் போனால் அந்த அரை விநாடி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குளிரூட்டிய அறையில் அளந்த நேரத்தை நம்பி அதே கருவியைக் கீற்றுப் பந்தலுக்குக் கொண்டுபோனால் அது வேறு கருவி.

இந்த நேரங்களை ஆஸ்பத்திரிக் கண்ணோடு பாருங்கள். இதய ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பைத் தேடும்போது விநாடிக்கு 30 படம்வரை ஓடும். குழியில் அரை விநாடி தங்கிய எலக்ட்ரான் பதினைந்து படம் தள்ளி வெளியே வந்து தலையைக் காட்டும். நகர்ந்துபோன கம்பி பழைய இடத்திலும் மங்கலாகத் தெரியும். இப்போது காசநோய் முகாம்களுக்குக் கையில் தூக்கிப் போகிற எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. அவற்றின் பலகையில் இருப்பது இன்னும் பழைய சீசியம் அயோடைடுதான். நாளைக்குப் பெரோவ்ஸ்கைட் பலகை வந்தால், அதில் 0.9 ஆழக் குழிகள் நிறைய இருந்தால், வரிசையில் முன்னால் நின்ற கல்குவாரித் தொழிலாளியின் விலா எலும்பு பின்னால் வந்த பாட்டியின் படத்தில் நிழலாகக் கிடக்கும். நிழலைத்தானே மருத்துவர் தேடுகிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் குறையால் வரும் நஷ்டம். குறையால் லாபம்போல ஒன்று வருவதும் உண்டு, எனக்கு அதிகம் எரிச்சல் தருவது அதுதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையை மூடாதவரை பரிமாறுகிறவர் நிறுத்த மாட்டார். ஒரு மனிதர் சாப்பிட்டும் முடிக்காமல், இலையையும் மூடாமல் உட்கார்ந்திருந்தால் சாம்பார் வாளி வந்துகொண்டே இருக்கும். படிகத்தில் ஒரு மின்துளை குழியில் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். எலக்ட்ரான் ஓடிப்போய் மின்முனையில் இறங்கிவிட்டது. உள்ளே ஒரு நேர் மின்னூட்டம் தனியாக நிற்கிறது. சமன்செய்ய மறுமுனை இன்னொரு எலக்ட்ரானை அனுப்புகிறது. அதுவும் ஓடி இறங்குகிறது, இன்னொன்று வருகிறது. துளை விடுபடும்வரை இந்தப் பந்தி நடக்கும். ஒரு ஃபோட்டான் அவிழ்த்த ஒரு ஜோடிக்கு நூறு எலக்ட்ரான் கம்பியில் ஓடும். இப்போது வாளிகளை எண்ணி விருந்தாளிகள் எத்தனை என்று சொல்லச் சொன்னால்?

ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு உணர்திறன் என்று பெயர். செலினியத்துக்கு 20 மைக்ரோகூலூம் என்ற அளவை வழக்கமாகச் சொல்வார்கள், ஒரு கிரே கதிர்வீச்சுக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. 2016ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜின்சாங் ஹுவாங்கின் குழு ஈய புரோமைடு ஒற்றைப் படிகத்தில் 80 எட்டியது. கரைசலின் விகிதத்தைச் சரிசெய்து உள்குறையைக் குறைத்தார்கள், புறஊதாவும் ஓசோனும் காட்டி மேல்தோலை அடக்கினார்கள். அடுத்த ஆண்டே சாம்சங் ஆய்வாளர்கள் தடவிப் பூசிய 830 மைக்ரான் படலத்தில் 11,000 என்றார்கள். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் லட்சங்களும் சாதாரணமாகின. மார்பு எக்ஸ்ரே ஆற்றலில் அவிழ்ந்த மின்னூட்டம் ஒன்றுவிடாமல் கரை சேர்ந்தால்கூடச் சில ஆயிரங்கள்தான் வர வேண்டும் என்று தாளில் போட்டுப் பார்த்தால் தெரிகிறது. மிச்சம் பந்தியின் வாளிகள். அந்தப் பெருக்கம் தன்னளவில் கெட்டதில்லை, சில வேலைகளுக்கு உதவும். ஆனால் அது குழிக்குள் மாட்டிய துளையை நம்பி இருப்பதால் மெதுவானது. எண் எவ்வளவு பெரிதோ, எக்ஸ்ரேவை நிறுத்திய பிறகு வால் அவ்வளவு நீளம்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த கல்வெட்டுகள் குடவோலைக்குப் பேர்போனவை. ஏரி வாரியத்துக்கு யார் வரலாம் என்பதைவிட யார் வரக்கூடாது என்ற பகுதி எனக்குப் பிடிக்கும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. உணர்திறன் எண்ணோடு, இருட்டில் எவ்வளவு கசிகிறது, நிறுத்தியபின் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்ற இரண்டு கணக்கையும் காட்டாத கட்டுரைகளை என்ன செய்யலாம் என்று அந்தச் சபையைக் கேட்கலாம்.

இருட்டுக் கசிவு என்றது எக்ஸ்ரே இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்தை. மதகு மூடியிருந்தும் ஒழுகுவது. சன்னமான எக்ஸ்ரே தரும் சன்னமான ஓட்டம் இந்த ஒழுகலுக்குள் மூழ்கிப் போகும். கதிர்வீச்சைக் குறைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பதுதானே இவ்வளவு பாட்டுக்கும் காரணம்? ஒழுகுவது நிலையாக ஒழுகினால்கூடக் கழித்துவிடலாம். இந்தப் படிகத்தில் அது ஏறும், இறங்கும், அலையும். ஏனென்றால் இங்கே வளைகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

சிலிக்கனுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு அதுதான். புரோமின் காலியிடம் ஒன்று இருந்தால் பக்கத்துப் புரோமின் அதில் தாவி உட்காரும். இப்போது காலியிடம் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. மின்னழுத்தம் கொடுத்தால் இந்தத் தாவல்கள் ஒரே திசையில் நடக்கும், காலியிடங்கள் ஒரு மின்முனையின் காலடியில் போய்க் குவியும். குவிந்த இடத்தில் உள்ளே இருக்கும் மின்புலம் மாறும், கசிவு கூடும். எலக்ட்ரானைச் சீக்கிரம் கரை சேர்க்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், கூட்டினால் வளைகள் நடமாடும். இந்தப் பொருளோடு மல்லுக்கு நிற்கும் எல்லோரும் கடைசியில் வந்து முட்டுகிற சுவர் இது.

சுவரில் ஓட்டைகள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தப் படிகத்தில் ஈயத்தோடும் புரோமினோடும் சேர்ந்திருக்கும் கரிம மூலக்கூறுக்குப் பதில் சீசியம் வைத்தால் படிகம் உறுதிப்படுகிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கனட்ஸிடிஸின் குழு சீசியம் ஈய புரோமைடைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தது. 2021ல் சீசியம்-137 உமிழும் 662 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை 1.4 சதவீதத் துல்லியத்தில் பிரித்துக் காட்டினார்கள். ஃபோட்டானை ஒன்றொன்றாக எண்ணி அளக்கிற வேலை அது, பந்தி வாளிகள் அங்கே செல்லாது. ஈயத்தையே தவிர்த்து வெள்ளியும் பிஸ்மத்தும் வைத்துப் பார்க்கிற சீனக் குழுக்களும் உண்டு. அதில் காலியிடங்கள் சோம்பேறிகள், எளிதில் நகர்வதில்லை. மேல்தோலின் கைகோக்க ஆளில்லாத அணுக்களுக்குத் தோதான மூலக்கூறுகளைப் பூசி அடைப்பது இப்போது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

அடைப்பு வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க நீர்க்கட்டியிடமே திரும்பலாம். வாய்க்கால் கரையில் தண்ணீர் சுழித்து உள்ளே போகிற ஒரு இடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடிக்கிறார். ஒரு கை களிமண், நடுவில் கொஞ்சம் வைக்கோல், உருட்டி வளைக்குள் திணித்துக் குதிகாலால் மிதிக்கிறார். சுழிப்பு நிற்கிறது. தண்ணீர் நிமிர்ந்து முன்னே போகிறது. மறுநாள் காலை அதே கரையில், ஒரு முழம் தள்ளி, ஈர மண்ணைப் புதிதாகப் பறித்துப் போட்டிருக்கிறது நண்டு.